சிகிச்சையும் ஆய்வும் – நெய்வேலியை முன்வைத்துச் சில எண்ணங்கள்

1890ஆம் ஆண்டு ஆன்டன் செகாவ் சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குச் சென்றார். ரஷ்யப் பேரரசின் கிழக்குக் கோடியில் கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த தீவு அது. அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றில் கைதிகளே வேலை செய்தனர். செகாவ் அச்சடித்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு குடிசை குடிசையாக, கொட்டடி கொட்டடியாக நடந்தார். பெயர், வயது, பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதங்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் அட்டைகள் சேர்ந்தன. அதன் விளைவாக எழுந்த நூலை மருத்துவ ஆய்வேடாக ஏற்று அவரை மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதிக்க இயலுமா என்று நண்பர் ஒருவர் கேட்டுப் பார்த்தார். மருத்துவப் புலத்தின் தலைவர் மறுத்துவிட்டார்.

செகாவின் சிறுகதைகளைத் தமிழில் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தும் விவாதித்தும் வந்திருக்கும் நாம் அந்த அட்டைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவர் மருத்துவர் என்பதை ஒரு வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நோயாளியின் நாடியைப் பிடிக்கிற கையே அவன் எங்கிருந்து வந்தான், அவனைப் போல் இன்னும் எத்தனை பேர், ஏன் இவர்களுக்கு மட்டும் இப்படி என்று எழுதிவைக்கவும் வேண்டுமா? அது மருத்துவரின் வேலையா, வேறொருவரின் வேலையா? இந்தக் கேள்வியை ஏதேனும் ஒரு ஊரில் நிறுத்திக் கேட்காவிட்டால் அது வெறும் கல்விக்கொள்கை விவாதமாகிவிடும். ஆகவே நெய்வேலியில் நிறுத்திக் கேட்கிறோம்.

இலக்கிய வாசகர்களுக்கு நெய்வேலி என்றால் புத்தகக் கண்காட்சி. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து நடந்துவரும் அந்தக் கண்காட்சிக்காகப் பேருந்து ஏறியவர்கள் நம்மில் பலர். நேர்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட வட்டங்கள், மரநிழலில் ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகள். சற்றுத் தள்ளிப் போனால் மண்ணை மலைபோல் குவித்துவைத்திருக்கும் திறந்தவெளிச் சுரங்கம். முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட கதையை அந்தப் பக்கத்தில் எவரும் சொல்வர். 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னான அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே முதலாளியின் கீழ், ஒரே நகரியத்தில், ஒரே மருத்துவமனையை நம்பி, தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள்கூட்டம் வாழ்ந்துவருகிறது. நோய்களின் காரணங்களை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் தேடி அலைவது இத்தகைய கூட்டத்தைத்தான். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு இருந்தார், எப்போது ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். சுரங்கத் தொழிலாளரை வேலையில் சேர்க்கும்போதும், பின்னர் ஐந்தாண்டுக்குள் ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும் என்று இந்தியச் சுரங்க விதிகள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வந்திருக்கின்றன. மார்பு எக்ஸ்ரே, மூச்சளவு, செவிப்புலன் எல்லாம் அதில் அடக்கம். விதியின் நோக்கம் ஒரு தொழிலாளி வேலைக்குத் தகுதியானவரா என்று அறிவது மட்டுமே. அதே தாள்களை அடுக்கிவைத்துப் பத்தாயிரம் பேரின் நுரையீரல் முப்பது ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு விதி எதுவும் கிடையாது. அதற்கு ஒரு மருத்துவர் வேண்டும். கேட்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்.

அப்படிப்பட்ட பயிற்சி நம் ஊருக்குப் புதிதில்லை. நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அமைத்தவை அது. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதற்குத் தலைமையேற்றார். காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்கவேண்டும், நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு என்று உலகம் நம்பியிருந்த காலம். தாம்பரத்தையடுத்த ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அந்த நம்பிக்கையின் சுவடாக நிற்கிறது. ஆனால் சென்னையின் குடிசைகளில் இருமிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையின் முன்னால் படுக்கைகள் ஒரு பொருட்டே இல்லை. ஏறத்தாழ இருநூறு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவு சானடோரியத்துக்குச் சென்றது. மறுபிரிவினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்து, அரைகுறை உணவோடு, அதே மாத்திரைகளை விழுங்கினர். மாத்திரைகளை உண்மையில் விழுங்குகிறார்களா என்று அறிய முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் குணமடைந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடியிருந்தது, அவ்வளவே. வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவைச் சாத்தியது. அந்த மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அந்த ஆய்வின் முடிவைவிட அதைச் செய்த விதம் நம்மை அதிகம் ஈர்க்கிறது. ஆய்வாளர்கள் ஓரிடத்திலும் சிகிச்சை செய்தவர்கள் வேறிடத்திலும் இருக்கவில்லை. அன்று காலை ஒருவருக்கு மருந்து கொடுத்தவரே மாலையில் அவரது அட்டையை நிரப்பினார். சென்னையின் ஏழை நோயாளியிடமிருந்து எழுந்த கேள்விக்குச் சென்னையிலேயே விடை தேடப்பட்டது. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இருந்திருக்க இயலாது. ஏனெனில் அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவர்களுக்குப் படுக்கைப் பஞ்சம் இல்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் இன்னொன்று நிகழ்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், பட்டமேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுத் தலைப்பாக எய்ட்ஸ் கிருமியைத் தேடும்படி சொன்னார். அது அமெரிக்க நோய், நமது பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் உறுதியாக நம்பியிருந்த நேரம். இரண்டு சிறு குழந்தைகளின் தாயான நிர்மலா, மயிலாப்பூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் பேசி, கையுறைகூட இல்லாமல் இரத்த மாதிரிகளை எடுத்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஜேக்கப் ஜான் தலைமையிலான ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தெரிந்தது. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறது என்பதை நாடு ஒரு எம்.டி. ஆய்வேட்டின் வழியாகத்தான் தெரிந்துகொண்டது.

அதே எம்.டி. ஆய்வேடு இன்று என்ன நிலையில் இருக்கிறது? மருத்துவ நண்பர்களிடம் கேட்டால் ஒரு புன்னகை வரும். ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை. ஆகவே எல்லோரும் எழுதுகிறார்கள். வழிகாட்டி தம் மேசையில் இருக்கும் பழைய தலைப்புகளில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நூறு நோயாளிகள், ஐந்து அட்டவணைகள், நீலமும் சிவப்புமாகச் சில வட்டப் படங்கள். புள்ளியியல் பகுதியைக் கட்டணத்துக்கு முடித்துத் தருகிறவர்கள் உண்டு. கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்துப் பொறித்து நூலகத்தில் வைத்தபின் அதைத் திறப்பவர் அரிது. நோயாளிகள் நெரியும் வெளிநோயாளர் பிரிவுக்கும் இரவுப் பணிக்கும் இடையே மூன்று ஆண்டுகள் ஓடிவிடும் ஒரு இளைஞரை இதற்காக நாம் குறைசொல்ல விரும்பவில்லை. கேள்வி கேட்பது எப்படி என்று யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. 2019 முதல் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு ஆய்வுமுறை குறித்த இணையவழிப் பாடம் ஒன்று கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அதை நடத்துகிறது. நல்ல பாடம்தான். ஆனால் நீச்சலைத் திரையில் பார்த்துக் கற்றவரைக் கிணற்றில் இறக்க ஒருவர் கூட நிற்கவேண்டும் அல்லவா?

சாம்ராட் ரே, ஈஷான் ஷா, சமீரன் நந்தி ஆகியோர் 2016இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் எத்தனை ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டன என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. பாதிக்கும் மேல். பின்னர் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அதனால் செழித்தன. எண்ணிக்கையைக் கேட்டோம், எண்ணிக்கை கிடைத்தது.

அமெரிக்கா இதை வேறு வழியில் அணுகியது. 1964 முதல் எம்.டி. பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் ஒருசேரத் தரும் பயிற்சிக்கு அந்நாட்டு அரசு பணம் கொடுத்துவருகிறது. அப்படியிருந்தும் 1979இல் ஜேம்ஸ் வைன்கார்டன் என்ற மருத்துவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்கிற இனம் அருகிவருகிறது என்று எழுத நேர்ந்தது. இந்தியாவிலும் 2008 முதல் வெல்கம் அறக்கட்டளையும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து மருத்துவர்களுக்கென ஆய்வு நல்கைகளைத் தந்துவருகின்றன. இவற்றால் பயன் பெற்றவர்கள் சிறந்தவர்கள், ஐயமில்லை. ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஆய்வு என்பது பெருநகரத்துப் பெரிய நிறுவனத்தில், விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவில் நிகழ்வது. அதற்கு ஆசைப்படும் மருத்துவர் தம் ஊரைவிட்டுக் கிளம்பியாகவேண்டும் என்பதே அது. இதைத்தான் நாம் ஏற்கவில்லை. அப்படிக் கிளம்பியவர் திரும்பி வருவதில்லை. ஊரில் இருப்பவருக்கோ தம் முன்னால் வரிசையில் நிற்கும் மனிதர்கள் ஒரு கேள்வி என்பதே தோன்றாமல் போகிறது.

தெற்கு வேல்ஸில் கிளின்காரக் என்றொரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். ஜூலியன் டியூடர் ஹார்ட் 1961இல் அங்கே பொதுமருத்துவராகப் போனார். அதற்கு முன் அவர் ரிச்சர்ட் டால், ஆர்ச்சி கோக்ரன் ஆகிய இருவரின் ஆய்வுக் குழுக்களில் பணிபுரிந்தவர். டால் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டியவர்; கோக்ரன் ஐம்பதுகளில் ரோண்டா பள்ளத்தாக்கில் வீடு வீடாகச் சென்று சுரங்கத் தொழிலாளர்களின் மார்பை எக்ஸ்ரே எடுத்தவர். இத்தகைய பயிற்சி பெற்றவர் லண்டனில் பேராசிரியராகியிருக்கலாம். அவர் கிராமத்தில் காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் மருந்து எழுதினார். கூடவே ஒன்று செய்தார். தம்மிடம் பதிவு செய்திருந்த பெரியவர்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்தார். நோய் என்று வந்தவர்களை மட்டும் அளக்கவில்லை. வராதவர்களைத் தேடிப் பிடித்து அளந்தார். ஆண்டுகள் பல எடுத்த வேலை. இருபத்தைந்து ஆண்டுக் கணக்கைத் தொகுத்துப் பார்த்தபோது, பக்கத்து ஊரைவிட அவருடைய ஊரில் அகால மரணங்கள் குறைந்திருந்தன. 1971இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரை, மருத்துவம் யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதை ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னது. கல்லூரிச் சுவர்களுக்குள் இருந்து அந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது என்பது நம் துணிபு.

கிளின்காரக்கையும் நெய்வேலியையும் அப்படியே ஒப்பிட இயலாது. அங்கே பூமிக்கடியில் சுரங்கம், இங்கே திறந்தவெளி. அங்கே அரசு மருத்துவத் திட்டத்தின்கீழ் மருத்துவர். இங்கே நிறுவனத்தின் சம்பளம் பெறும் மருத்துவர். இந்த இரண்டாவது வேறுபாடு சிறியதன்று. ஒரு தொழிலாளிக்கு நிறுவன மருத்துவரின் மேசைக்கு எதிரில் உட்காரும்போது இரண்டு மனம் இருக்கும். வலியைச் சொல்லவேண்டும், ஆனால் அதிகம் சொன்னால் தகுதிச் சான்றிதழில் என்ன எழுதுவாரோ என்ற அச்சமும் இருக்கும். காது மந்தமாகிவிட்டதை மறைத்தவர்கள், இருமலைச் சாதாரணச் சளி என்று சொன்னவர்கள் எந்தச் சுரங்க நகரத்திலும் உண்டு. அதே மருத்துவர் ஆய்வாளராகவும் வந்து கேட்டால் உண்மை கிடைக்குமா? கோக்ரன் ரோண்டாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலாக எக்ஸ்ரேக்கு வரவைத்தார். எக்ஸ்ரேயை இழப்பீட்டோடு இணைத்துப் பார்த்த மக்கள் அவர்கள். தொழிற்சங்கத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. நெய்வேலியிலும் தொழிற்சங்கங்கள் வலுவானவை. ஊதியத்துக்கும் போனசுக்கும் நிரந்தரப் பணிக்கும் போராடி அனுபவப்பட்டவை. தொழிலாளரின் நுரையீரல் கணக்கைக் கேட்பதும் தங்கள் வேலையே என்று அவை எடுத்துக்கொண்டால் ஆய்வின் முகமே மாறும்.

நிரந்தரத் தொழிலாளியின் பெயராவது ஏட்டில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் கதை வேறு. இன்று சாம்பல் பகுதி, நாளை வேறு ஒப்பந்தக்காரரிடம் வேறு பகுதி. எங்கே எவ்வளவு தூசியைச் சுவாசித்தார் என்பதை அவருடைய உடல் மட்டுமே நினைவில் வைத்திருக்கும். சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளிக் குடியமர்ந்த கிராமத்தாரும் நகரியத்தின் வேலிக்கு வெளியே இருக்கிறார்கள். 2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்பும் சேர்ந்து நெய்வேலி வட்டாரத்தின் நீரையும் மண்ணையும் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பாதரசம் உள்ளிட்ட மாசுகளை அது சுட்டியது. மக்களின் உடல்நலக் குறைகளையும் கேட்டுப் பதிவு செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த அறிக்கையின் முடிவுகளை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. அறுபது ஆண்டுகளாக அந்த மக்களுக்கு ஊசி போட்டும் பிரசவம் பார்த்தும் வந்த மருத்துவத் துறைதான் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியிருக்கவேண்டும். வெளியிலிருந்து சூழலியல் ஆர்வலர்கள் பாட்டில்களோடு வந்து கேட்கும்படி ஆயிற்று. சில நாட்கள் வந்து மாதிரி எடுத்துச் செல்கிறவர்களால் பாதரசம் நீரில் இருக்கிறதா என்று சொல்லமுடியும். அது ஒரு குறிப்பிட்ட ஊரின் சிறுநீரகங்களில் இருபது ஆண்டுகளில் என்ன செய்தது என்பதைச் சொல்ல, அந்த இருபது ஆண்டும் அங்கேயே இருந்தவர் வேண்டும்.

நோயாளியைப் பார்க்கவே நேரமில்லாதவரிடம் ஆய்வும் செய் என்பது நியாயமா, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவர் இரண்டிலும் உருப்படுவாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நேரத்தை ஒதுக்கித் தராமல் கேட்டால் அது அநியாயம். இன்றைய ஆய்வேட்டுச் சடங்கு அப்படிப்பட்ட அநியாயமே. வாரத்தில் நான்கு நாள் நோயாளிகள், இரண்டு நாள் ஏடுகளும் வீடுகளும் என்று ஒரு பணியிடத்தை உருவாக்குவது பெரும் பொருட்செலவு பிடிக்கும் காரியமில்லை. அந்த இரண்டு நாளுக்கும் ஊதியம் உண்டு, அது பதவி உயர்விலும் கணக்கில் வரும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 1975 முதல் யானைக்கால் நோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேருந்தில் காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவில் இத்தனையும் இருக்க, அங்கே பட்டமேற்படிப்புப் படிக்கும் ஒருவர் தம் ஆய்வேட்டுக்கான நூறு நோயாளிகளைக் கல்லூரியின் வார்டில் மட்டுமே தேடவேண்டும் என்ன கட்டாயம்? ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவில் தொழிற்சங்கத்தவரும் சுற்றுக் கிராமத்தவரும் உட்காரவேண்டும். தனியொருவரின் விவரம் எக்காரணம் கொண்டும் பணிப்பிரிவின் கைக்குப் போகக்கூடாது. கிடைத்த முடிவை முதலில் அந்த மக்களிடம், அவர்கள் மொழியில், கோவில் திடலிலோ சங்கக் கட்டடத்திலோ சொல்லவேண்டும். அதன்பிறகு ஆங்கில இதழுக்கு அனுப்பட்டும்.

அந்த மொழி விஷயத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 'மூச்சு முட்டுது', 'நெஞ்சு அடைக்குது', 'மேல் மூச்சு வாங்குது' ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அச்சிட்ட வினாத்தாளை மொழிபெயர்த்துக் கேட்கும்போது மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். கடலூர் மாவட்டத்து வட்டாரப் பேச்சை அறிந்தவர்கள் உடனிருந்தால் வினாத்தாளே வேறுவிதமாக அமையும். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சியில் கூடும் எழுத்தாளர்களில் ஒரு சிலராவது இதில் ஈடுபடலாம்.

காலம் அதிகமில்லை. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே கொதிகலன் பக்கத்திலும் சாம்பல் பக்கத்திலும் நின்றவர்கள் இப்போது எண்பதை நெருங்கியவர்கள், கடந்தவர்கள். ஓய்வு பெற்றதும் நகரியத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் சொந்தக் கிராமங்களுக்கும் பிரிந்து போனவர்கள். அவர்களுடைய ஐந்தாண்டுப் பரிசோதனைத் தாள்களைத் தூசி தட்டி எடுத்து, முகவரிகளைத் தேடிப் போய், வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ஐயா நீங்கள் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று கேட்க ஓர் இளம் மருத்துவருக்கு ஓராண்டு போதும். ஆய்வேட்டுத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் யாரேனும் இதைப் படிக்கக்கூடும்.